கிளுவை வேலியிலிருந்து மழைக்காடு வரை

முதல் நாள்: காங்கேயத்துக்குக் கிழக்கே

மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் கற்பிக்கத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. தகவமைப்பு என்னும் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு சப்பாத்திக் கள்ளியை வரைந்து, வறண்ட நிலத்துச் செடி இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது என் வழக்கமாக இருந்தது. சென்ற ஆண்டு, காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து, "எங்க வேலியில கிளுவை ஆறு மாசம் செத்த மாதிரி நிக்குதுங்க மிஸ். அப்பறம் ஒரு மழைக்கே துளுத்துக்குது. அந்த ஆறு மாசமும் அது என்னத்தைத் தின்னுட்டு இருக்குதுங்க?" என்று கேட்டாள். இலையை உதிர்த்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது என்று பாதிப் பதிலைச் சொல்லி உட்கார வைத்தேன். மீதிப் பாதியை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான், விடுமுறை முடிவதற்குள் இந்தப் பயணம். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை பெறும் காங்கேயத்தில் தொடங்கி, 3000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் வால்பாறையில் முடிப்பதாகத் திட்டம். சாலை வழியே இவ்விரண்டுக்கும் இடையில் 160 கிலோமீட்டர் அளவே இருக்கும்.

வைகாசிக் கடைசி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆரம்பித்துவிட்டது. என் மாமாவின் கொரங்காட்டில் நிற்கும்போது முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் பேச வேண்டியிருந்தது. வெயிலை மட்டும் சொல்லி வறட்சியை விளக்குவது எங்கள் பாடப்புத்தகத்தின் குறை. இங்கே இலையிலிருந்து நீரை உறிஞ்சி எடுப்பதில் வெயிலுக்கு நிகரான பங்கு இந்தக் காற்றுக்கு உண்டு. மழை கொண்டுவரும் காற்று மலையின் அந்தப் பக்கத்திலேயே ஈரத்தைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இங்கே வந்து, இருக்கிற ஈரத்தையும் வாரிக்கொண்டு போகிறது.

கொரங்காடு என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உழாத மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நான்கு புறமும் கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடுகளும் ஆடுகளும் இதில்தான் வளர்கின்றன. ஒரு துண்டில் மேய்த்து முடித்தால் படலைச் சாத்திவிட்டு அடுத்த துண்டுக்கு ஓட்டுவார்கள்.

இன்று முழுவதும் வேலியருகில்தான் இருந்தேன். முள்கிளுவையில் ஓர் இலைகூட இல்லை; கிளைநுனிகள் முள்ளாக முடிந்திருந்தன. தண்டின் மேல்தோல் வெங்காயச் சருகைப் போல மெல்லியதாய், பளபளப்பாய்ச் சுருண்டு உரிந்துகொண்டிருந்தது. ஒரு சருகை நீக்கிவிட்டு நகத்தால் இலேசாகச் சுரண்டினேன். அடியில் நல்ல பச்சை! வெற்றிலைக் காம்பின் நிறம். கூடவே பிசினின் வாசனையும் வந்தது. மாணவியின் கேள்விக்கு விடை அந்தப் பச்சையில் இருக்கிறது. இலையில்லாத மாதங்களில் பட்டைக்கு அடியிலுள்ள பச்சையம் ஒளிச்சேர்க்கையைச் சிறிய அளவில் நடத்திக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் தாள் போன்ற தோல் ஒளியை உள்ளே விட்டு, நீரை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. புதிதாக வளர அந்த வருமானம் போதாது. மூச்சுவிடும் செலவை ஈடுகட்ட உதவுகிறது. பெரிய கடையை அடைத்துவிட்டுத் திண்ணையில் சிறு வியாபாரம் நடத்துவதைப் போன்றது.

"இத்தனை வருசமா வேலி கட்டறேன், ஒருக்காலும் சொரண்டிப் பாக்கலியே அம்மிணி" என்றார் மாமா. பிறகு அவரே இன்னொரு தண்டைச் சுரண்டிப் பார்த்தார்.

இரண்டாம் நாள்: அதே காடு, அதே வாசல்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். இலையே இல்லை என்றது நான் நின்ற வடபுற வேலிக்கு மட்டும் பொருந்தும். கிணற்றுமேட்டு வாய்க்காலை ஒட்டிய பத்தடி நீளத்துக்குக் கிளுவை தழைத்திருப்பதை இன்று காலை மாமா காட்டினார். ஆகவே, இந்த மாதத்தில் உதிர்க்க வேண்டும் என்று நாள்காட்டி பார்த்து அது உதிர்க்கவில்லை; வேரடியில் ஈரம் இருக்கும்வரை இலையை வைத்துக்கொள்கிறது.

வெள்வேல மரத்தின் நுட்பம் வேறு. அதன் பெயருக்குக் காரணமான வெளிறிய பட்டையில் துவர்ப்பு மிகுதி. பட்டைச் சாராயத்துக்குப் பேர்போன பட்டை இதுதான் என்பதை மாமா மெல்லிய குரலில் சொன்னார். இலையோ இரட்டைச் சிறகாகப் பிரிந்து, அரிசியளவுச் சிற்றிலைகளாக நுணுகியிருக்கிறது. அகன்ற இலை வெயிலில் சூடேறினால் அதைத் தணிக்க நீரை ஆவியாக்கியாக வேண்டும். சிற்றிலையின் சூட்டைக் காற்றே எளிதில் வாங்கிக்கொண்டு போய்விடும். நீரைப் பறிக்கும் அதே மேல்காற்று இங்கே குளிர்விக்கும் வேலையையும் செய்கிறது. இரவில் சிற்றிலைகள் கைகூப்பியதுபோல் மூடிக்கொள்கின்றன. இளங்கன்றில் வாய்க்கெட்டும் உயரத்தில் முள் அடர்ந்திருக்கிறது. ஆனால் காயை மட்டும் இந்த மரம் தாராளமாக விடுகிறது. ஆடு அதை ஆசையாகத் தின்கிறது. உள்ளே இருக்கும் விதையின் ஓடு கடினமானது, வயிற்றில் செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து, எளிதாக முளைக்கிறது. பட்டியில் கூட்டியெடுத்த புழுக்கையிலிருந்துதான் எங்கள் பக்கத்தில் வெள்வேல விதை எடுப்பார்கள். இலையைத் தொடாதே, காயைக் கொண்டுபோ என்று ஆட்டுக்கு அது இரண்டு கட்டளை இடுவதாக வைத்துக்கொள்ளலாம்.

கொழுக்கட்டைப் புல் இப்போது காய்ந்த வைக்கோல் நிறத்தில்தான் இருக்கிறது. ஆயினும் தூரைப் பிளந்து பார்த்தபோது அடித்தாள்கள் சற்றுப் பருத்து, ஈரத்தோடு இருந்தன. புல்லின் வளரும் கணு தரையோடு தரையாக இருப்பதால், மாடு மேலே எவ்வளவு கடித்தாலும் முளைக்கும் இடம் பத்திரமாக இருக்கிறது. செடியின் உயிர்நுனியை உச்சியில் வைத்திருக்கும் துவரையையோ ஆமணக்கையோ இப்படி மேயவிட்டால் அதன் கதை வேறு. மேலும் சோளம், கம்பு ஆகியவற்றைப் போலவே இதுவும், காற்றிலுள்ள கரியமில வாயுவை நான்கு கரியணுக்கள் கொண்ட சேர்மமாக முதலில் பிடித்து, அதை இலைக்குள்ளேயே தனி அறையில் செறிவாக்கிப் பயன்படுத்தும் கூட்டத்தைச் சேர்ந்தது. இலைத்துளையைக் குறுக்கி வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும் என்பதால், ஒரு கிலோ உணவு சேர்க்க நெல் செலவழிக்கும் தண்ணீர் இதற்குத் தேவைப்படுவதில்லை. எங்கள் அம்மாயி காலத்தில் மானாவாரிக் காட்டில் சோளமும் கம்பும் நின்றதற்கு இந்த அறைதான் காரணம்.

சோளம் என்றதும் ஒரு பழைய குற்றம் நினைவுக்கு வருகிறது. எனக்குப் பத்து வயது இருக்கும். அறுத்த சோளக்காட்டில் கட்டை துளிர்த்து, மழையில்லாமல் வாடிக் கிடந்தது. பசுந்துளிரைப் பார்த்து ஆசைப்பட்டு, அம்மாயி வளர்த்த கிடாரியை அவிழ்த்து உள்ளே விட்டுவிட்டேன். அரை மணி நேரத்துக்குள் அது நுரை தள்ளி விழுந்தது. இளஞ்சோளத் துளிரில் துரின் என்னும் பொருள் இருக்கிறது; மெல்லும்போது அதிலிருந்து சயனைடு வெளிவருகிறது; வறட்சியில் வாடிய துளிரில் அது மிகுதி. வளர வழியில்லாத வேளையில், இருக்கிற துளிரை இழந்தால் பயிருக்கு மீட்சி இல்லை. அந்த நேரத்தில் காவல் கூடுதலாக இருக்கிறது. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது கல்லூரியில். அம்மாயிக்குப் படிக்காமலேயே தெரியும். அன்று முழுவதும் அவர் என்னிடம் பேசவில்லை.

மாலையில் வாசலில் மாமாவின் பேத்திக்கு ஒரு சோதனையைக் கற்றுக்கொடுத்தேன். தொட்டியில் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' செடி இருந்தது. புத்தகத்துக்குள் வைத்தால் இலை விளிம்பில் குட்டி முளைக்குமே, அந்த ரணகள்ளி. இதன் இலையைக் காலையில் கிள்ளி நாக்கில் வைத்தால் புளிக்கும், மதியத்துக்குள் சுவை போய்விடும் என்பதை, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் கவனித்து எழுத, 1815இல் அது இலண்டனில் அச்சாயிற்று. காரணம் பின்னால்தான் விளங்கியது. இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் செல்லறைகளில் நிரப்பி வைக்கிறது. விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து, வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. புளிப்பு என்பது இரவில் சேர்த்த சரக்கு. கற்றாழையை வேரோடு பிடுங்கி வாசல்நிலையில் தலைகீழாகக் கட்டினாலும் மாதக்கணக்கில் வாடாமல் இருப்பதற்கும், வேலியில் படரும் பிரண்டை கோடையைத் தாண்டுவதற்கும் இதே வழக்கமே துணை. பிரண்டையில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்களும் உண்டு; துவையலுக்கு நாம் எண்ணெயில் வதக்கிப் புளி சேர்ப்பது அந்த அரிப்பை அடக்கத்தான்.

"நுனியைக் கிள்ளி நாக்குல வெச்சுட்டுத் துப்பிரணும், முழுங்கக் கூடாது" என்று பேத்தியிடம் இரண்டு முறை சொல்லி, ஒரு நோட்டில் காலை, மாலை என்று கோடு போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள்: தாராபுரம், உடுமலை, அமராவதி

பேருந்துப் பயணம். தாராபுரம் தாண்டியதும் காற்றாலைகள், அவற்றுக்கு நடுவே பனைகள். இரண்டும் காற்றை நம்பி நிற்பவை போலத் தோன்றினாலும் பனையின் திறமை மண்ணுக்குள் இருக்கிறது. பனங்கொட்டை முளைக்கும்போது குருத்து நேரே மேலே வருவதில்லை. கொட்டையிலிருந்து குழாய் போன்ற ஒரு தண்டு கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் நுனியில் கருவைச் சுமந்துகொண்டு போய், ஓரடி ஆழத்துக்கும் கீழே, மேல்மண்ணின் சூடு எட்டாத ஈரத்தில் வைத்த பிறகுதான் குருத்து எழுகிறது. கொட்டைக்குள் பஞ்சுபோல இனிக்கும் தவண், பருப்பின் உணவை உறிஞ்சிக் கீழே அனுப்பும் உறுப்பு. வந்த உணவைச் சேர்த்துவைத்துப் பருப்பதுதான் தை மாதத்தில் நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு. குழந்தையைத் தொட்டிலில் இடுவதற்கு முன்பே கிணற்றடியில் குடியேற்றிவிடும் இந்த ஏற்பாட்டுக்கு இணையாக வேறு ஒன்றை நான் கண்டதில்லை. கிழங்கை உரித்து நடுவிலுள்ள பீலியை எறியும்போது, அது நாளைய பனையின் முதல் இலை என்று நினைப்பவர்கள் குறைவு.

உடுமலையில் மதியச் சாப்பாடு. பிறகு அமராவதி அணை. அணைக்குத் தெற்கே மூணாறு சாலையில் சின்னாற்றுப் பக்கம் கிடப்பது, சுற்றிலும் மழைமலைகள் இருந்தும் நனையாத ஒரு பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவமழையை ஆனைமலை மறித்துக்கொள்வதால் இங்கே முட்காடும் கள்ளியும்தான். வனச்சாலையில் இறங்கி நிற்க அனுமதி இல்லை. போகவும் வரவும் சன்னலோரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உசிலை நிறைய. எங்கள் பக்கத்தில் அரப்பு மரம் என்றால்தான் தெரியும். தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூளில் நுரை வருவதற்குக் காரணமான சப்போனின், இலையைத் தின்ன வரும் பூச்சிக்குக் கசக்கும் காவல். சந்தன மரங்களும் உண்டு. சந்தனம் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் உறிஞ்சியாகப் பொருத்தி, அது தேடிய நீரிலும் உப்பிலும் பங்கு வாங்கிக்கொள்ளும் அரை ஒட்டுண்ணி. மணத்துக்காகத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் மரம், தண்ணீர் விஷயத்தில் அக்கம்பக்கத்தாரை நம்பியே பிழைக்கிறது.

அணைக்கு அருகில் தனியார் நிலம் ஒன்றின் ஓரத்தில், நான் தேடிவந்த காட்சி கிடைத்தது. சதுரக்கள்ளியும் சப்பாத்திக் கள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் இலை இல்லாத பச்சைத் தண்டு, உள்ளே நீர், வெளியே முள், மேலே மெழுகுப் பூச்சு. பார்த்தவர் அண்ணன் தம்பி என்றே சொல்வார். சதுரக்கள்ளியின் விளிம்பில் குச்சியால் கீறினேன். வெள்ளைப் பால் துளிர்த்தது. அது ஆமணக்குக் குடும்பம். முட்கள் இரண்டிரண்டாகக் கவைத்திருக்கும். சப்பாத்திக் கள்ளியைக் கீறினால் வழவழப்பான நிறமற்ற நீர்தான் வந்தது. அதன் முட்கள் சிறு மெத்தை போன்ற புள்ளிகளிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அது அமெரிக்கக் கண்டத்துக் குடும்பம். கப்பல் ஏறி வந்தது. சங்கப் பாடல்களில், காய் வெடிக்கும் ஓசைக்குப் புறாக்கள் வெருண்டோடும் கவைமுள் கள்ளி, பால் வடிக்கும் நம் கள்ளிதான். அப்படியானால் பத்தொன்பது ஆண்டுகளாக நான் கரும்பலகையில் வரைந்தது விருந்தாளியை. வீட்டுக்காரரை வரைந்ததே இல்லை. உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள், கடலின் இரு கரைகளில், ஒரே இக்கட்டுக்கு ஒரே உருவத்தை வந்தடைந்திருக்கின்றன; இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

அந்த விருந்தாளி இங்கே கட்டுக்கடங்காமல் பரவி நிலங்களை மூடியதும், இலங்கையிலிருந்து கொண்டுவந்து 1926இல் விட்ட ஒரு செதில்பூச்சி அதை அடக்கியதும் தனிக்கதை. முள்ளும் மெழுகும் நம் ஆட்டையும் வெயிலையும் தடுத்தன. தன் சொந்த ஊர்ப் பூச்சியைத் தடுக்கவில்லை.

இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. செடி "தன்னைத் தகவமைத்துக்கொண்டது" என்று எழுதும்போதெல்லாம், அது யோசித்து ஏற்பாடு செய்துகொண்டதாக ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. நடந்தது அதுவல்ல. பிறக்கும்போதே சிறிது வேறுபட்டிருந்தவற்றுள், காய்ச்சலில் காயாதவை விதை விட்டன, காய்ந்தவை விடவில்லை, அது எண்ணிலடங்காத தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது. தமிழில் சுருக்கமாகச் சொல்ல வேறு வினைச்சொல் அமையாததால் நானும் அதையே எழுதுகிறேன். படிப்பவர்கள் இந்த எச்சரிக்கையோடு படிக்கவும்.

கடைசியாக ஒரு விபத்து. சப்பாத்திக் கள்ளியின் பெரிய முள்ளுக்கு விலகிய விரலில், அதன் மெத்தையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பூமுட்கள் இருபது முப்பது ஏறிவிட்டன. விடுதி அறையில் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டிருப்பதால் இன்றைய பதிவில் எழுத்துப்பிழைகள் இருக்கலாம்.

நான்காம் நாள்: ஆழியாறு முதல் நாற்பது வளைவுகள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைப் பேருந்து. ஆழியாற்றுக்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். தாவரவியல் ஆசிரியருக்கு இது நாற்பது பக்கமுள்ள பாடப்புத்தகம். முதல் சில வளைவுகள் வரை நேற்றைய முட்காட்டின் சாயலே. பிறகு இலையுதிர் மரங்கள். அவற்றில் தேக்கு புதிதாகத் தழைத்திருந்தது. தேக்கின் இலை முறத்தில் பாதி அகலம். இவ்வளவு பெரிய இலை கோடையில் கட்டுப்படியாகாது. ஆதலால் தை, மாசியில் மொத்தமாக உதிர்த்துவிட்டு, மழை வருவதை ஒட்டி மறுபடி விரிக்கிறது. உதிர்க்கும் முன் இலையிலிருக்கும் தழைச்சத்தைக் கிளைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வதும் உண்டு. வீட்டைக் காலி செய்பவர் பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொள்வதுபோல. ஒன்பதாம் வளைவுக் காட்சிமுனையில் பேருந்து நின்றபோது எல்லாரும் வரையாடு தேடினார்கள். நான் ஓர் இளந்தேக்கிலையைக் கசக்கி, உள்ளங்கை சிவந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேலே, சன்னல் கண்ணாடியில் முதலில் பனிமூட்டமும் பிறகு தூறலும் வந்தன. மரங்கள் உதிர்ப்பதை நிறுத்திவிட்டன. ஆண்டு முழுவதும் ஈரம் இருக்குமிடத்தில் இலையை உதிர்த்துப் புதிதாகச் செய்வது வீண்செலவு. தோல்போன்று தடித்த இலையைச் செய்துவிட்டு, அதைப் பல பருவங்களுக்கு வைத்துக்கொள்வது இலாபம். மேலே தேயிலை தொடங்கியதும் என் பாடம் நின்றுவிட்டது; கவாத்து வாங்கிச் சமமாக நிற்கும் தோட்டத்தில் படிக்க அதிகம் இல்லை. இரவு முழுக்கத் தகரக் கூரையில் மழை.

ஐந்தாம் நாள்: வால்பாறை

தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே தீவுகளாக எஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகளில் ஒன்றை, சாலையோரமாகவே நடந்து பார்த்தேன். அட்டைகள் இரண்டு காலிலுமாக ஒன்பது. புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள்ளும்படி தேநீர்க்கடை அக்கா சொன்னதைக் கேட்காதது என் தவறு.

காங்கேயத்தில் நான்கு நாட்களுக்கு முன் கேட்ட கேள்வி, இங்கே தலைகீழாகிவிடுகிறது. இருக்கிற தண்ணீரை எப்படி வைத்துக்கொள்வது என்பது அங்கே. வந்த தண்ணீரை எப்படித் தொலைப்பது என்பது இங்கே. மழைக்காடு என்றால் செடிகளுக்குச் சொர்க்கம் என்று நானும் நினைத்திருந்தேன். இலைமேல் ஈரம் தங்கினால் பூஞ்சையும் பாசியும் குடியேறும், ஒளி குறையும், துளைகள் வழியாக வாயு போய்வருவது தடைப்படும். அதனால்தான் இங்கே வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மரங்களின் இலைகள் எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன: வழவழப்பான மேற்பரப்பு, நுனியில் நீண்ட ஒரு வால். குடையிலிருந்து வழிந்த நீரை அத்தகைய ஓர் இலைமேல் ஊற்றிப் பார்த்தேன். நடுநரம்பு வழியே ஓடி, வால்நுனியில் முத்தாகத் திரண்டு, சொட்டிச் சொட்டி, நான் இருபது எண்ணுவதற்குள் இலை ஏறக்குறைய உலர்ந்துவிட்டது. வாலைக் கிள்ளிவிட்டு அதே இலையில் மறுபடி ஊற்றினேன். விளிம்பில் நீர் தயங்கிப் படலமாகத் தங்கிக்கொண்டது. இதை வகுப்பில் ஒரு குவளைத் தண்ணீரும் ஓர் அரசிலையும் வைத்துக் காட்டலாமே என்று அப்போதுதான் தோன்றியது. அரசின் வாலும் அதே வேலைக்குரிய வடிவம்தான், சமவெளியில் அது அவ்வளவாகத் தேவைப்படாவிட்டாலும்.

ஓடையோரச் சேம்பில் இன்னொன்று. காலை ஆறரை மணி, மழை விட்டிருந்தது. இலை முழுவதும் உலர்ந்திருக்க, நுனியில் மட்டும் ஒரு துளி. துடைத்தேன், சற்று நேரத்தில் அடுத்த துளி அதே இடத்தில் திரண்டது. அது பனியும் அல்ல, மழையும் அல்ல. காற்று ஈரத்தால் நிரம்பி, நீரை ஆவியாக வெளியேற்ற வழியில்லாத வேளையில், வேர் கீழிருந்து தள்ளும் நீர் இலைநுனியிலுள்ள சிறப்புத் துளைகள் வழியே சொட்டாக வழிகிறது. நீரோடு வரும் உப்புகள் இலைக்கு வேண்டும். அதற்காக நீரோட்டம் நிற்காமல் இருக்க வேண்டும். மேல்காற்றில் ஆவியாகிவிடாமல் ஒவ்வொரு துளியையும் பூட்டிவைத்திருக்கும் கிளுவையைப் பார்த்துவிட்டு, தண்ணீரைக் கையால் பிழிந்து கொட்டுவதுபோல் கொட்டும் இந்தச் சேம்பின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கால்மணி நேரத்தில் ஏழு துளி.

காட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தால் தரையில் ஒளி மிகவும் குறைவு. இங்கே பஞ்சம் தண்ணீருக்கு அல்ல, வெளிச்சத்துக்கு; அதற்குத்தான் இவ்வளவு உயரப் போட்டி. மேல்மண்ணிலேயே சத்து முழுதும் இருப்பதால் வேர்கள் ஆழம் போகாமல் பரவுகின்றன; அவ்வளவு உயரத்தைத் தாங்க மரத்தடியில் பலகை பலகையாக வேர்ப்புடைப்புகள். சில மரங்களின் இளந்தளிர்கள் செக்கச்சிவந்து தொங்கின; பச்சையம் நிரம்பும் முன் மென்மையாக இருக்கும் பருவத்தில் பூச்சியை விலக்கவும் கூசும் ஒளியைத் தாங்கவும் அந்தச் சிவப்பு உதவுகிறது என்பர். கல்லால் இனம் ஒன்று, ஒளியைத் தேடிக் கீழிருந்து ஏறும் தொல்லையே வேண்டாமென்று, பறவை எச்சம் வழியாக மேல்கிளையில் முளைத்து, அங்கிருந்து வேரைக் கீழே விட்டு, தாங்கிய மரத்தையே சுற்றி நெருக்கிக்கொண்டிருந்தது. மரப்பட்டைகளில் ஆர்க்கிடுகள், தொங்கும் வேர்களின் வெளியே வெண்மையான உறிஞ்சுதாள் போன்ற உறை, மழை பெய்யும்போது நிரப்பிக்கொண்டு வெயிலில் தாக்குப்பிடிப்பதற்கு. மழைக்காட்டிலும் கிளைமேல் குடியிருப்பவருக்கு மண் இல்லாததால், மழை நின்ற மறுநாளே வறட்சி தொடங்கிவிடுகிறது; இங்குள்ள ஆர்க்கிடுகளில் பலவும் என் மாமா வீட்டு ரணகள்ளியைப் போலவே இரவில்தான் துளை திறக்கின்றன.

வெடிப்பலா மரத்தில் முள்காய்கள் கிளைத்தண்டிலேயே ஒட்டிக் காய்த்திருந்தன. மெல்லிய நுனிக்கொம்பில் காய்க்காமல் தடித்த தண்டில் பூத்துக் காய்ப்பதால், கனமான விலங்குகளும் எளிதாக வந்துபோகின்றன. சிங்கவால் குரங்குக்கு அது பிடித்த உணவு. ஆனால் நான் பார்த்த கூட்டம் சாலையோரக் குப்பைத் தொட்டியில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது.

அக்காமலைப் புல்மேடுகளுக்குச் செல்ல அனுமதி வேண்டும், கேட்கவில்லை. அங்கே உறைபனி, சோலை மரங்களின் நாற்றுகளைப் புல்வெளிக்குள் வரவிடாமல் தடுப்பதைப் பற்றி எழுத ஆசைதான். பார்க்காததை எழுதும் பழக்கத்தை விடத்தானே கிளம்பினேன்.

ஆறாம் நாள்: திரும்பவும் காங்கேயம்

மாலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தேன். வால்பாறையில் நனைந்த செருப்பு பொள்ளாச்சியில் உலரத் தொடங்கி, தாராபுரத்தில் விறைத்துவிட்டது. கிளுவையில் மாற்றம் ஏதும் இல்லை. "அங்க அத்தனை மழையாமா அம்மிணி? ஒரு நாள் மழையை இங்கிட்டுத் திருப்பி உட்டா என்னவாமா?" என்றார் மாமா. ஒரு நாள் மழை போதும் என்பதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கொழுக்கட்டைப் புல்லுக்கு உண்மையிலேயே அது போதும்.

பேத்தி நோட்டை எடுத்து வந்தாள். நான்கு நாள் சோதனை. காலைக் கட்டங்கள் நான்கிலும் 'புளிப்பு'. மாலைக் கட்டங்களில் மூன்றில் 'சப்புனு இருக்குது'. ஒன்றில் மட்டும் 'புளிப்பு' என்று எழுதி, அடித்து, மறுபடி 'புளிப்பு' என்றே எழுதியிருந்தாள்.

"நான் தப்பாப் பாத்துட்டேன்னு நெனச்சு மறுக்காவும் கிள்ளிப் பாத்தனுங்க அத்தை. அப்பவும் புளிச்சுது."

எந்த நாள் என்று கேட்டேன். நான் வால்பாறைக்குப் பேருந்தேறிய நாள். அன்று இங்கே மழை பெய்ததா என்று கேட்டேன். ஒரு சொட்டும் இல்லை என்றாள். இரவில் சேர்த்த அமிலத்தைச் செலவழிக்கப் பகல் வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இல்லாவிட்டால் சரக்கு மாலைவரை கிடங்கிலேயே கிடக்கும். நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்தத் தேதியின் ஓரத்தில், நான் போட்டுக்கொடுக்காத ஒரு கட்டத்தை அவளாகவே பென்சிலால் வரைந்து, உள்ளே எழுதியிருந்தாள்: 'நாளெல்லாம் மோடம்.'